ரெண்டு மோட்டார், ஒரு ஸ்டார்ட்டர்: தூக்க வியாதி மருந்துகளின் நூற்றாண்டுக் கதை

மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, "ஹாஸ்டல் நினைவுகள் எழுதட்டுமா அண்ணே?" என்று கேட்டேன். "ஏற்கெனவே பதினோரு பேர் அதைத்தாம்ப்பா எழுதிக் கொடுத்திருக்காங்க. நீ வேற ஏதாவது எழுது" என்றார் சீனியர். எனவே, ஒரே ஒரு ஹாஸ்டல் நினைவோடு ஆரம்பித்து, ஆப்பிரிக்காவுக்குப் போய்விடுகிறேன்.

2009, ஏப்ரல் மாதம். நான் மூன்றாம் ஆண்டு. செமஸ்டர் தேர்வு நேரம். ஹாஸ்டல் கிணற்றடியில் இரண்டு மோட்டார்கள் இருந்தது அன்று படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒன்று ரிப்பேர் ஆனால் இன்னொன்று ஓடும் என்ற தைரியத்தில் நாங்கள் எல்லாம் வாளி வாளியாக ஊற்றிக் குளித்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் விடியற்காலை குழாயில் காற்றுதான் வந்தது. போய்ப் பார்த்தால் இரண்டு மோட்டாரும் நன்றாகத்தான் இருந்தன. இரண்டுக்கும் பொதுவாக இருந்த ஸ்டார்ட்டர் கருகிப் போயிருந்தது. துண்டும் வாளியுமாக நின்ற எங்களைப் பார்த்து எலெக்ட்ரீஷியன் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மோட்டார் ரெண்டு இருந்து என்ன தம்பி பிரயோஜனம்? ஸ்டார்ட்டர் ஒண்ணுதானே!"

நாலு வருஷப் படிப்பில் எனக்குக் கிடைத்த பெரிய பாடங்களில் இதுவும் ஒன்று என்பது அன்று தெரியவில்லை. எட்டு வருஷம் கழித்து உகாண்டாவில்தான் தெரிந்தது.

ஓடைக்கரையில் நீலத் துணி

2017-ல் நான் வேலை பார்த்த கம்பெனி, குடிநீர் பம்ப்செட் வேலைக்காக என்னை உகாண்டாவின் வடமேற்கு மூலையில் உள்ள ஆருவாவுக்கு அனுப்பியது. காங்கோ எல்லைக்குப் பக்கத்து ஊர். பைப் லைனுக்கு இடம் பார்க்க ஓடை ஓடையாக அலைந்தபோது, கரை நெடுக குச்சியில் கட்டித் தொங்கும் சின்னச் சின்ன நீலத் துணிகளைப் பார்த்தேன். பக்கத்திலேயே கறுப்பு வலை. நம்ம ஊரில் மரத்தில் துணி கட்டுவது போல ஏதோ வேண்டுதல் என்று நினைத்தேன். ஜீப் டிரைவர் சொன்னார்: "அது செட்சி ஈக்கு வைத்த பொறி. அந்த ஈக்கு நீலம் என்றால் ஆசை. துணியிலும் வலையிலும் மருந்து தடவியிருக்கிறது. வந்து உட்கார்ந்தால் செத்துப்போகும்."

செட்சி ஈ கடித்தால் உடம்புக்குள் போவது டிரிபனோசோம் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. முதலில் ரத்தத்திலும் நிணநீரிலும் வாழும். காய்ச்சல், தலைவலி, மூட்டுவலி என்று சாதாரணமாகத்தான் ஆரம்பிக்கும். பிறகு மூளைக்குள் நுழைந்துவிடும். அதற்கப்புறம் மனிதன் ராத்திரியெல்லாம் விழித்திருப்பான், பகலில் சோற்றுத் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுவான். பேச்சு குழறும், குணம் மாறும். வைத்தியம் செய்யாவிட்டால் முடிவு மரணம்தான். மேற்கிலும் மத்தியிலும் பரவும் காம்பியன்ஸ் ரகம் இதற்கு மாதங்கள், வருஷங்கள் எடுத்துக்கொள்ளும். கிழக்கில் உள்ள ரொடீசியன்ஸ் ரகம் சில மாதங்களுக்குள்ளேயே காரியத்தை முடித்துவிடும். இரண்டு ரகமும் உள்ள ஒரே நாடு உகாண்டா.

தடுப்பூசி போடக்கூடாதா என்று கேட்பீர்கள். இந்த ஒட்டுண்ணி தன் மேல்சட்டையை மாற்றிக்கொண்டே இருக்கும். நம் ரத்தம் ஒரு சட்டையை அடையாளம் கண்டு அடிக்க ஆரம்பிப்பதற்குள் வேறு சட்டையில் ஒரு கூட்டம் கிளம்பிவிடும். அதன் மரபணுப் பெட்டியில் அப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சட்டைகள் உண்டு. ஆகவே மருந்து ஒன்றுதான் வழி.

எங்கள் பைப் லைன் போன பாதையில் ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ் அம்மாவின் வீடு இருந்தது. வேலைக்கு நடுவே அங்கே உட்கார்ந்து டீ குடிப்பது எங்கள் வழக்கம். 1990-களில் அவர் தூக்க வியாதி வார்டில் வேலை பார்த்தவர். அந்த மருந்தைப் பற்றிக் கேட்டேன். "பாஷாணம்" என்ற அர்த்தத்தில் ஒரு வார்த்தை சொன்னார். மெலார்சொப்ரால் என்ற அந்த மருந்து உண்மையிலேயே ஆர்சனிக்தான்! நரம்பு ஊசியாகப் போடும்போது நெருப்பு ஏறுவது போல இருக்கும் என்று நோயாளிகள் கதறுவார்களாம். மருந்தைக் கரைத்திருக்கும் திரவம் பிளாஸ்டிக் ஊசிக்குழலைக் கெடுத்துவிடும் என்பதால் கண்ணாடிக் குழலில்தான் போட வேண்டுமாம். நூற்றில் ஐந்து பேர் வரை வியாதியால் அல்ல, மருந்தாலேயே இறந்தார்கள்.

"அதைக்கூடத் தாங்கிக்கொண்டோம். பிழைத்து வீட்டுக்குப் போனவர்கள் சில மாதம் கழித்துத் திரும்பவும் தூங்கி விழுந்துகொண்டு வந்து நின்றார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. மருந்து அதே மருந்து. ஏன் வேலை செய்யவில்லை என்று எங்களுக்குப் புரியவில்லை" என்றார் அந்த அம்மா.

அவர் மிகைப்படுத்தவில்லை. 1990-களின் நடுவில் அந்த மாவட்டத்தின் ஒமுகோ சிகிச்சை மையத்தில் மெலார்சொப்ரால் பெற்றவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வியாதி திரும்பியதாகப் பதிவாகியிருக்கிறது. வடக்கு அங்கோலாவிலும் தெற்கு சூடானிலும் இதே கதை. மருந்து ஏன் தோற்றது? அந்தக் கேள்வியோடுதான் ஊர் திரும்பினேன். ஒரு மெஷின் ஏன் நின்றது என்று தேடுவது போலத் தேடிப் படித்ததில் கிடைத்தது பின்வரும் கதை.

ஃபிராங்க்பர்ட் எலிகள்

1900 வாக்கில் விக்டோரியா ஏரிக்கரையில் தூக்க வியாதி கொள்ளைநோயாகப் பரவியது. உகாண்டாவில் மட்டும் இரண்டு லட்சம் பேருக்கு மேல் மடிந்தார்கள். 1903-ல் அல்டோ கஸ்டெல்லானி நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரில் டிரிபனோசோமைப் பார்த்தார். அதற்கு முன்பே ஜூலூலாந்தில் மாடுகளின் நகானா நோய்க்கும் செட்சி ஈக்கும் உள்ள சம்பந்தத்தைக் கண்டுபிடித்திருந்த டேவிட் புரூஸ், இதையும் பரப்புவது செட்சி ஈதான் என்று காட்டினார். எதிரி யாரென்று தெரிந்தாயிற்று. ஆயுதம்?

1905-ல் லிவர்பூலில் தாமஸ், பிரைன்ல் இருவரும் அடாக்சில் என்ற ஆர்சனிக் மருந்து டிரிபனோசோமைக் கொல்வதாகக் கண்டார்கள். மறு வருஷமே புகழ்பெற்ற ராபர்ட் காக், விக்டோரியா ஏரியின் செசே தீவுகளில் முகாம் போட்டு ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அதைக் கொடுத்தார். ஆரம்பத்தில் அற்புதமாக இருந்தது. பிறகு வியாதி திரும்பியது. டோஸைக் கூட்டியபோது இருபதுக்கும் மேற்பட்டவர்களின் கண்பார்வை போயிற்று.

அதே சமயம் ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட்டில் பால் எர்லிக் எலிகளை வைத்து வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். துணிக்குச் சாயம் போடும் பொருள்களில் சில, டிரிபனோசோமைக் கொன்றன. ஆனால் நோயுள்ள எலிக்குச் சாயத்தைக் கொடுத்ததும் ரத்தத்திலிருந்து கிருமி மறையும். சில நாளில் திரும்பும். மறுபடி கொடுத்தால் மறுபடி மறையும். இப்படிச் சில முறை ஆனபின் ஒரு கட்டத்தில் எவ்வளவு கொடுத்தாலும் கிருமி அசையாது. அந்தக் கிருமியைப் புது எலிக்கு மாற்றினாலும், அங்கிருந்து இன்னொரு எலிக்கு மாற்றினாலும் அதே பிடிவாதம்! 1907-ல் அவரது ஆராய்ச்சிசாலை வெளியிட்ட இந்தச் செய்திதான் மருந்தெதிர்ப்பு என்ற இயலுக்கே ஆரம்பம் என்று சொல்லலாம். பெனிசிலின் கண்டுபிடிப்பதற்கே இன்னும் 21 வருஷம் இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

எர்லிக் அங்கே நிற்கவில்லை. ஒரு ரகச் சாயத்துக்குப் பழகிய கிருமியை ஆர்சனிக் சுலபமாகக் கொன்றது. ஆர்சனிக்குக்குப் பழகியதைச் சாயம் கொன்றது. ஆனால் ஒரே ரகத்தைச் சேர்ந்த இரண்டு மருந்துகளில் ஒன்றுக்குப் பழகினால் இன்னொன்றுக்கும் பழகியதாகவே ஆகிவிடும். மருந்து பிடித்துக்கொள்ளக் கிருமியில் ஒரு கொக்கி இருக்க வேண்டும், ரகத்துக்கு ரகம் கொக்கி வேறு, கொக்கி மாறிவிட்டால் மருந்து வழுக்கிவிடும் என்று அவர் முடிவு கட்டினார். புது மருந்து எது வந்தாலும் தன்னிடமிருந்த எதிர்ப்புக் கிருமிகளில் போட்டுப் பார்த்து, இது உண்மையில் புதுசா, பழையதற்கே புதுச் சட்டையா என்று சல்லடை போட்டுச் சலித்தார். 1913-ல் லண்டன் மருத்துவ மாநாட்டில், கிருமியை ஒரே நேரத்தில் வெவ்வேறு திசையிலிருந்து தாக்கும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதே நல்லது என்றும் பேசினார்.

நம்ம எலெக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னதைத்தான் எர்லிக் சொன்னார். கேட்டவர்கள் குறைவு.

கேட்காமல் போன பாடம்

அடுத்த நாற்பது வருஷக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப்போர்க் காலத்தில் பேயர் கம்பெனி சுராமின் மருந்தைக் கண்டுபிடித்து ஃபார்முலாவை ரகசியமாக வைத்தது. 1924-ல் பாரிஸில் ஃபூர்னோ அதைக் கண்டுபிடித்துப் போட்டு உடைத்தார். ஆனால் சுராமின் மூளைக்குள் போகாது. மூளைக்குள் போகக்கூடிய டிரிபார்சமைடு நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது. லூயிஸ் பியர்ஸ் என்ற பெண் டாக்டர் 1920-ல் தனியாகக் காங்கோவுக்குப் போய் அதைச் சோதித்து வெற்றி கண்டார். இதுவும் ஆர்சனிக்தான், இதுவும் கண்ணைப் பறிக்கக்கூடியதுதான். 1930-ல் காமரூனின் பாஃபியா பகுதியில் அளவு மீறிக் கொடுத்ததில் சுமார் 700 பேர் பார்வை இழந்தனர். 1940-களில் பல இடங்களில் கிருமி இந்த மருந்துக்கும் பழகிவிட்டது.

1949-ல் எர்ன்ஸ்ட் ஃபிரீட்ஹைம் மெலார்சொப்ராலைக் கொண்டுவந்தார். டிரிபார்சமைடுக்கு மசியாத நோயாளிகளும் பிழைத்தார்கள். இன்னொரு பக்கம் பென்டமிடின் என்ற, ஆர்சனிக் இல்லாத மருந்து. அதை வியாதி வராமல் தடுக்கும் என்று பெல்ஜிய, பிரெஞ்சுக் காலனிகளில் ஊர் ஊராக வரிசையில் நிறுத்தி, கோடி ஊசி அளவில் போட்டார்கள். ஆக, ஆரம்ப நிலைக்கு பென்டமிடின், முற்றிய நிலைக்கு மெலார்சொப்ரால். வேதியியலில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு மருந்துகள். இரண்டு மோட்டார்!

ஆனால் 1951-லேயே ரோலோ, வில்லியம்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு விசித்திரத்தை வெளியிட்டார்கள். மெலார்சொப்ராலின் தாய்ப்பொருளான மெலார்சனுக்கு மட்டுமே பழக்கிய டிரிபனோசோம், தான் கண்ணாலேயே பார்த்திராத பென்டமிடின் ரக மருந்துகளையும் எதிர்த்து நின்றது! ஏன் என்பது அப்போது யாருக்கும் விளங்கவில்லை. 1960 வாக்கில் ஆப்பிரிக்கா முழுக்க வருஷத்துக்கு 5,000 நோயாளிகள்கூட இல்லை என்ற நிலை வந்துவிட்டதால், அவசரமும் இல்லை. பிறகு உள்நாட்டுப் போர்கள் வந்தன, ஊர் ஊராகப் போய் ரத்தம் சோதித்த குழுக்கள் நின்றன, வியாதி திரும்பியது. 1998-ல் பதிவானவர்களே ஏறத்தாழ 40,000 பேர். பதிவாகாமல் விட்டுப்போனவர்கள் 3 லட்சம் பேர் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அந்தக் கூட்டத்தைச் சந்திக்க, கையில் இருந்தது அரை நூற்றாண்டுக்கு முந்தைய பாஷாணம்.

கதவு அகப்பட்டது

எதிர்ப்புக் கிருமிகளுக்குள் ஆர்சனிக் போவதே குறைவாக இருக்கிறது என்பதை 1931-லேயே லிவர்பூலில் யார்க் குழுவினர் காட்டியிருந்தார்கள். அப்படியானால் எந்த வழியாகப் போகிறது? பதில் வர 62 வருஷம் பிடித்தது.

டிரிபனோசோமுக்கு ஒரு பலவீனம் உண்டு. மரபணுவுக்கு வேண்டிய பியூரின் என்ற பொருளை அதனால் சொந்தமாகச் செய்துகொள்ள முடியாது. நம் ரத்தத்திலிருந்துதான் திருட வேண்டும். அதற்காகத் தன் தோலில் சில கதவுகள் வைத்திருக்கிறது. 1993-ல் நிக்கோலா கார்ட்டர், ஆலன் ஃபேர்லேம்ப் இருவரும், பி2 என்ற அப்படிப்பட்ட ஒரு கதவு வழியாகத்தான் மெலார்சொப்ரால் உள்ளே நுழைகிறது, எதிர்ப்புக் கிருமியில் அந்தக் கதவே இல்லை என்று காட்டினார்கள். பென்டமிடினும் அதே கதவை உபயோகிக்கிறது. இரண்டு மருந்தின் மூலக்கூறிலும் ஒரு பக்கம் ஒரே சாவி போன்ற அமைப்பு! 1999-ல் அந்தக் கதவுக்கான மரபணுவும் பிரித்தெடுக்கப்பட்டது.

கதை அதோடு முடியவில்லை. பி2 மூடினாலும் பென்டமிடின் ஓரளவு போய்க்கொண்டுதான் இருந்தது. களத்திலும் அது பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது. இன்னொரு கதவு இருக்கிறது என்று அர்த்தம். 2012-ல் டேவிட் ஹார்ன் குழுவினர் கிருமியின் மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்து அதைப் பிடித்தார்கள். அக்வாகிளிசரோபோரின்-2 என்ற அந்தக் கதவின் சாதாரண வேலை கிளிசரால் போன்ற சின்னப் பொருள்களை உள்ளே வெளியே விடுவது. அது போனால் மெலார்சொப்ரால், பென்டமிடின் இரண்டுக்குமே எதிர்ப்பு வந்துவிடும். அதற்கு மறு வருஷம், நோயாளிகளிடமிருந்து எடுத்து வைத்திருந்த எதிர்ப்புக் கிருமிகளைப் பரிசோதித்தபோது, அந்த மரபணு பக்கத்து மரபணுவோடு ஒட்டி உருமாறிக் கிடந்தது தெரிந்தது.

மருந்தில் கோளாறு இல்லை. நர்ஸ் அம்மாவின் கையிலும் கோளாறு இல்லை. கிருமி கதவைச் சாத்திக்கொண்டது. இரண்டு மோட்டாருக்கும் ஸ்டார்ட்டர் ஒன்று.

ஒரே கம்பெனி என்பதும் ஒரே ஸ்டார்ட்டர்தான்

மெலார்சொப்ரால் தோற்ற இடத்தில் கைகொடுத்தது எஃப்லார்னிதின். புற்றுநோய்க்காகச் செய்து பார்த்து அங்கே பெரிதாக எடுபடாத மருந்து. 1980-ல் சைரஸ் பாக்கி குழுவினர் அது டிரிபனோசோம் தொற்றிய எலிகளைக் குணப்படுத்துவதாகக் கண்டார்கள். கோமாவில் கிடந்தவர்களும் எழுந்து உட்கார்ந்ததால் ஆப்பிரிக்காவில் அதற்கு உயிர்த்தெழச் செய்யும் மருந்து என்றே பெயர் வந்தது. 1990-ல் அமெரிக்காவின் அனுமதியும் கிடைத்தது. ஆனால் 14 நாளைக்கு, நாளைக்கு நாலு வேளை, மொத்தம் 56 முறை டிரிப் ஏற்ற வேண்டும். விலையும் அதிகம். வாங்க வேண்டியவர்களிடம் காசு இல்லை. சில வருஷத்தில் தயாரிப்பு நின்றுபோனது! பிறகு பெண்களின் முகத்தில் முடி வளர்வதைக் குறைக்கும் கிரீமாக அதே பொருள் 2000-ல் கடைக்கு வந்தது. எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் விடாமல் நெருக்கியதில், 2001-ல் அவென்டிஸ் கம்பெனி இலவசமாகத் தர ஒப்புக்கொண்டது.

எஃப்லார்னிதினுக்கும் ஒரு கதவு உண்டு. அது ஓர் அமினோ அமிலக் கதவு; அதுவும் கழன்றுவிட்டால் மருந்து போகாது என்று 2010-ல் தெரிந்தது. நல்லவேளையாக, 2009-லேயே அதை நிஃபர்டிமாக்ஸ் மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கும் முறை வந்துவிட்டது. உள்ளே நுழையும் வழியும் வேறு, கொல்லும் விதமும் வேறு. எர்லிக் 1913-ல் சொன்னது 96 வருஷம் கழித்து இந்த வியாதிக்கு நடைமுறைக்கு வந்தது! அந்த வருஷமே நோயாளிகள் எண்ணிக்கை 10,000-க்குக் கீழே இறங்கியது.

பிறகு ஃபெக்சினிடசோல். ஊசியே இல்லை, பத்து நாள் மாத்திரை. 2018-ல் ஐரோப்பிய மருந்து அமைப்பு சாதகமாகக் கருத்துச் சொல்ல, காங்கோவும் அனுமதித்தது. அந்த வருஷத்திலிருந்து ஆப்பிரிக்கா முழுக்கப் பதிவாகும் நோயாளிகள் வருஷத்துக்கு ஆயிரத்துக்கும் கீழே. 2022-ல் உகாண்டாவில் காம்பியன்ஸ் ரகம் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. ஓடைக்கரையில் நான் பார்த்த நீலத் துணிகளுக்கும் இதில் பங்கு உண்டு.

சந்தோஷமான முடிவுதான். ஆனாலும் எனக்கு உறுத்தும் விஷயம் ஒன்று இருக்கிறது. நிஃபர்டிமாக்ஸ், ஃபெக்சினிடசோல் இரண்டும் தாமாகக் கொல்வதில்லை. கிருமிக்குள் இருக்கும் நைட்ரோரிடக்டேஸ் என்ற ஒரே நொதிதான் இரண்டையும் விஷமாக மாற்றுகிறது. அந்த நொதி குறைந்தால் இரண்டும் சேர்ந்தே பலவீனப்படும் என்பதை ஆராய்ச்சிசாலையில் காட்டிவிட்டார்கள். மறுபடியும் இரண்டு மோட்டார், ஒரு ஸ்டார்ட்டர்! அதனால்தான் அகோசிபோரோல் என்ற அடுத்த மருந்து முக்கியம். அது இந்த நொதியை நம்பியில்லை. கிருமியின் மரபணுச் செய்தியை வெட்டித் தயார்செய்யும் வேறொரு புரதத்தைத் தாக்குகிறது. ஒரே வேளை மருந்து. 2022-ல் வெளியான சோதனை முடிவுப்படி, முற்றிய நிலையில் இருந்தவர்களில் நூற்றுக்கு 95 பேர் 18 மாதம் கழித்தும் குணமாகவே இருந்தார்கள்.

"இதெல்லாம் ஆப்பிரிக்கா விவகாரம், நமக்கு என்னப்பா?" என்று கேட்கும் நண்பர்களுக்கு இரண்டு செய்தி. நோய் உண்டாக்கும் டிரிபனோசோமை உலகில் முதன்முதலாகப் பார்த்தது நம் துணைக்கண்டத்தில்தான். 1880-ல் பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில், குதிரைக்கும் ஒட்டகத்துக்கும் வரும் சர்ரா நோயில் கிரிஃபித் எவன்ஸ் கண்டார். மனிதனுக்கு வராது என்று நம்பியிருந்த அந்தக் கிருமி 2004-ல் மகாராஷ்டிராவில் ஒரு விவசாயியின் ரத்தத்தில் இருந்தது. இந்தக் கிருமியைக் கொல்லும் ஒரு புரதம் நம் எல்லோர் ரத்தத்திலும் உண்டு. அவருக்குப் பிறவியிலேயே அது வேலை செய்யவில்லை. அவரைக் காப்பாற்றிய மருந்து சுராமின், முதல் உலகப்போர்க் காலத்துச் சரக்கு! பழைய மருந்தென்று யாரும் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் ஓர் உயிர் பிழைத்தது.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் எந்தத் துறைக்குப் போனாலும் "ஸ்டாண்ட்பை இருக்கு சார், கவலைப்படாதீங்க" என்று யாராவது சொல்வார்கள். தலையாட்டிவிட்டு வராதீர்கள். இரண்டுக்கும் வயர் எங்கிருந்து வருகிறது என்று ஒருதரம் பின்னால் போய்க் குனிந்து பாருங்கள். எங்களுக்குப் போனது ஒருநாள் குளியல். ஆருவாவில் போனது உயிர்கள்.

2018-ல் ஊர் திரும்பும் முன் அந்த நர்ஸ் அம்மாவிடம் விடைபெறப் போனேன். கதவு விஷயத்தை எனக்குத் தெரிந்த அளவில் ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னேன். வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியென்றால் நாங்கள் ஊசி போட்டதில் தப்பு இல்லையா?" என்று கேட்டார். இல்லை அம்மா என்றேன். தாளை மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, இன்னொரு டீ போட்டார்.